ஆடாத மெழுகுதிரி: வீட்டில் வார்த்த தூண் மெழுகுதிரியின் அடியை மட்டமாக்குவது

தூண் மெழுகுதிரி வார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கவலைப்படுவது நிறத்தைப் பற்றியும் வாசனையைப் பற்றியும்தான். அச்சிலிருந்து கழற்றி மேசையில் வைத்த பிறகுதான் அது நேரே நிற்கவில்லை என்று தெரியவரும். ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இல்லாவிட்டால் விரலால் தட்டினால் ஆடும். உடனே கத்தியை எடுத்து அடியைச் சீவுவார்கள். சீவச் சீவக் கோணல் இடம் மாறுமே தவிரப் போகாது, கடைசியில் 8 அங்குல மெழுகுதிரி 6 அங்குலமாகி, அப்போதும் சாய்ந்தே நிற்கும்.

அடியை வெட்டி மட்டமாக்கப் பார்க்காதீர்கள், உருக்கி மட்டமாக்குங்கள். எவ்வளவு உருக்க வேண்டும் என்பதைக் கண்ணால் தீர்மானிக்காமல் ஒரு கடதாசித் துண்டையும் மூலைமட்டத்தையும் வைத்துத் தீர்மானியுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான், ஆனால் இதைச் சரியாகச் செய்ய நிறையச் சின்ன விசயங்கள் இருக்கின்றன, அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கொஞ்சம் சாய்ந்தால் என்ன?

கொஞ்சம் என்பது எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். 7 சென்ரிமீற்றர் அகலமும் 20 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள மெழுகுதிரியில், அடியின் ஒரு ஓரத்துக்கும் எதிர் ஓரத்துக்கும் 2 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தால் தலை கிட்டத்தட்ட 6 மில்லிமீற்றர் விலகி நிற்கும். அதே 2 மில்லிமீற்றர் வித்தியாசம் 4 சென்ரிமீற்றர் அகலம், 25 சென்ரிமீற்றர் உயரம் உள்ள ஒல்லியான ஒன்றில் இருந்தால் தலை 12 மில்லிமீற்றருக்கு மேல் விலகும். அது கண்ணுக்கு நன்றாகவே தெரிகிற சாய்வு.

அழகு போகட்டும், எரியும்போதுதான் உண்மையான பிரச்சினை. சுடரைச் சுற்றி உருகி நிற்கிற மெழுகு எப்போதும் தன் மட்டத்தைத் தேடும். மெழுகுதிரி சாய்ந்திருந்தால் அந்த உருகிய மெழுகு தாழ்ந்த பக்கத்தில் போய்ச் சேரும், அந்தப் பக்கத்துச் சுவர் மெலிந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் உடைந்து மெழுகு முழுவதும் மேசை விரிப்பில் வழியும். மெழுகு வழிந்து போனதும் திரி நீளமாக வெளியே தெரியும், சுடர் பெரிதாகிப் புகைக்கத் தொடங்கும். ஆடுகிற மெழுகுதிரி என்றால் இன்னும் மோசம், யன்னல் திரை பட்டாலே விழுந்துவிடும். 2022 இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்தப்பட்ட நாட்களில் பிள்ளைகள் கொப்பி புத்தகத்துக்கு நடுவே மெழுகுதிரியை வைத்துப் படித்ததை நினைத்துப் பாருங்கள், அப்படியான இடத்தில் நிற்கிற ஒன்று ஆடவே கூடாது.

சில பேர் தட்டில் நாலு சொட்டு மெழுகை விட்டு அதன் மேல் மெழுகுதிரியை ஒட்டிவிடுவார்கள். அதனால் ஆட்டம் நிற்கும், சாய்வு போகாது.

அடி ஏன் கோணலாகிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். தூண் மெழுகுதிரி அச்சில் தலைகீழாகத்தான் வார்க்கப்படுகிறது. அச்சின் அடியில் திரி போகிற ஓட்டை இருக்கிற பக்கம்தான் பிறகு மெழுகுதிரியின் தலை. நீங்கள் மெழுகை ஊற்றுகிற திறந்த வாய்ப்பக்கம்தான் அடி. அதாவது தலைக்கு அச்சு வடிவம் கொடுக்கிறது, அடிக்கு ஒன்றும் வடிவம் கொடுப்பதில்லை, மெழுகு தானாக எப்படி இறுகுகிறதோ அதுதான் அடி.

பரஃபின் மெழுகு இறுகும்போது சுருங்கும். வெளிப்பக்கம் முதலில் இறுகி அச்சோடு நிற்கும், உள்ளே இன்னும் திரவமாக இருக்கிற மெழுகு பிறகு சுருங்கிக் கீழே இறங்கும், அதனால் திரியைச் சுற்றி ஒரு குழி விழும். குழியை நிரப்ப இரண்டாம் முறை ஊற்றுகிறோம், அது சில இடத்தில் கூடவும் சில இடத்தில் குறையவும் நிற்கும். ஓரத்தில் மெழுகு அச்சின் சுவரோடு கொஞ்சம் ஏறி ஒரு மெல்லிய வரம்பு மாதிரி இறுகும். அந்த வரம்பு ஒரு இடத்தில் உயரமாகவும் இன்னொரு இடத்தில் உடைந்தும் இருந்தால் மெழுகுதிரி ஆடும்.

இரண்டாவது காரணம் எங்கள் ஊர் வீடுகளுக்கே உரியது. குசினியிலும் விறாந்தையிலும் கழுவுகிற தண்ணீர் வழிந்தோட வேண்டும் என்று மேசன்மார் நிலத்தைச் சரித்துத்தான் போடுவார்கள். நடக்கிறபோது தெரியாது, ஆனால் அந்த நிலத்தில் அச்சை வைத்து மெழுகை ஊற்றினால் அச்சு நிலத்தோடு சரிந்து நிற்கும், மெழுகின் மேற்பரப்பு மட்டும் மட்டமாக நிற்கும். கழற்றிப் பார்த்தால் அடி ஒரு பக்கம் வெட்டி எடுத்த மாதிரிச் சரிந்திருக்கும். மெழுகிலும் அச்சிலும் பிழை தேடி அலைய வேண்டாம், முதலில் நிலத்தைப் பாருங்கள்.

ஆகவே ஊற்றுவதற்கு முன்னமே ஒரு நேரான பலகையைப் போட்டு, அதன் மேல் ஒரு தட்டில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் தண்ணீர் கூடுகிறதோ அந்தப் பக்கத்தின் கீழே மடித்த காட்போட் துண்டு வைத்து உயர்த்துங்கள். ரசமட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் இருக்கிற மட்டம் பார்க்கிற வசதியே போதும். பீவீசி பைப்பை வெட்டி அச்சாக வைத்திருப்பவர்கள் பைப்பின் வெட்டுவாய் நேராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், வாள் கொஞ்சம் சரிந்து போயிருந்தாலும் அச்சே சரிந்துதான் நிற்கும்.

இரண்டாம் முறை ஊற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே ஆடை படர்ந்து கொஞ்சம் தடித்ததும், திரியைச் சுற்றி நாலைந்து இடத்தில் ஒரு மெல்லிய கம்பியால் ஆழமாகக் குத்திவிடுங்கள், உள்ளே அடைபட்ட வெற்றிடம் திறக்கும். பிறகு முதல் ஊற்றியதை விடக் கொஞ்சம் கூடின சூட்டில் மெழுகை விடுங்கள், அப்போதுதான் பழையதோடு புதியது ஒட்டும். முதல் ஊற்றிய மட்டத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் மெழுகு அச்சுக்கும் மெழுகுதிரிக்கும் இடையில் இறங்கி, கழற்றவும் கஷ்டம், பக்கத்திலும் தழும்பு விழும்.

இதெல்லாம் செய்தாலும் அடியில் ஒரு சின்ன வேலை மிஞ்சும்.

என்னென்ன வேண்டும்

ஒரு அகலமான பாத்திரம், அதன் வாயை முழுதாக மூடக்கூடிய, விளிம்பு உயர்ந்த தட்டையான அலுமினியத் தட்டு, கேக் வேகவைக்கிற தட்டு என்றால் பொருத்தம். தோசைக்கல் வேண்டாம். பெரும்பாலான தோசைக்கல்லின் நடு கொஞ்சம் பள்ளமாகவோ மேடாகவோ இருக்கும், அதோடு விளிம்பு இல்லாததால் உருகின மெழுகு நேரே அடுப்பில் விழும். தாச்சியை நினைக்கவே வேண்டாம், அதன் அடி வளைவு.

தட்டு உண்மையிலேயே தட்டைதானா என்று பார்க்க இரும்பு அடிமட்டத்தை அதன் மேல் ஓரம் பட நிறுத்தி, பின்பக்கம் ரோச்லைற்றைப் பிடியுங்கள். அடிமட்டத்தின் கீழால் வெளிச்சம் கசிந்தால் அந்த இடம் பள்ளம். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று தரம் பாருங்கள். தட்டு முழுதும் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை, மெழுகுதிரியின் அடியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு இடம் சரியாக இருந்தால் அங்கே வேலை செய்யலாம்.

இவற்றோடு ஒரு மூலைமட்டம், ரவுணில் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும், தச்சுவேலைக்காரர் யாராவது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இரவல் வாங்கலாம், பிள்ளைகளின் ஜியோமெற்றிப் பெட்டியில் இருக்கிற மூலைமட்டமும் சின்ன மெழுகுதிரிக்குப் போதும். ஒரு துண்டுக் கண்ணாடி அல்லது மிச்சமிருந்த நிலத்து ரைல்ஸ் ஒன்று. பழைய பேப்பர், பருத்தித் துணி, பாண் வெட்டுகிற பல்லுக்கத்தி, ஒரு வெறும் பால்மாப் பேணி. அவ்வளவுதான்.

முதலில் ஆறவிடுங்கள்

அவசரப்படுகிறவர்கள் கெடுப்பது இங்கேதான். வெளியே தொட்டால் குளிர்ந்திருக்கும், உள்ளே மெழுகு இன்னும் இளகலாக இருக்கும். அந்த நிலையில் சூட்டில் வைத்தால் அடி பிதுங்கி அகலமாகும், பிறகு அதை நேராக்குவது சிரமம். தடித்த மெழுகுதிரி என்றால் ஒரு முழு நாள் விடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரை போட்ட அறையில் வைக்காமல், வீட்டுக்குள்ளே குளிர்ச்சியான சீமெந்து நிலத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விரைவாக்கப் பார்க்க வேண்டாம், திடீர்க் குளிரில் மெழுகு வெடிப்பு விடும்.

ஆறின பிறகு அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற திரியை வெட்ட வேண்டும். மட்டத்தோடு வெட்டினால் போதாது. திரியைச் சுற்றிக் கூரான கத்திமுனையால் கொஞ்சம் தோண்டி, அடியிலிருந்து 5 மில்லிமீற்றர் உள்ளே வெட்டுங்கள். இதில் இரண்டு நன்மை. உருக்கும்போது திரியின் முடிச்சு தட்டில் இடறாது. மற்றது, மெழுகுதிரி எரிந்து அடிக்கு வரும்போது சுடர் மேசையைத் தொடுவதற்கு முன்னமே அணைந்துவிடும்.

கோடு போடுவது

எது நேர் என்று தெரியாமல் நேராக்க முடியாது. மெழுகுதிரியின் அடி அதன் பக்கச் சுவருக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நேர் என்பதன் பொருள். அதைக் கண்டுபிடிக்க மிக எளிய வழி ஒன்று பைப் பொருத்துகிறவர்களிடமும் தச்சுவேலைக்காரரிடமும் இருக்கிறது.

ஓரம் நேராக வெட்டிய கடதாசிப் பட்டி ஒன்றை எடுங்கள், கலண்டர்த் தாள் மாதிரிக் கொஞ்சம் மொத்தமானது நல்லது, மெழுகுதிரியை ஒன்றரைச் சுற்றுச் சுற்றக்கூடிய நீளம் வேண்டும். அடியிலிருந்து கொஞ்சம் மேலே, இறுக்கமாகச் சுற்றுங்கள். சுற்றி வந்த பட்டியின் ஓரம் முதல் சுற்றின் ஓரத்தோடு மயிரளவும் விலகாமல் சேர வேண்டும். சேர்ந்தால் அந்த ஓரம் முழுவதும் மெழுகுதிரிக்குச் செங்குத்தான ஒரு வளையம். சேராவிட்டால் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள். எனக்கு இதைக் காட்டித் தந்த தச்சுவேலை ஐயா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, கடதாசி சுத்தி வந்து தன்ரை ஓரத்தோடை தானே சேர்ந்தால் சரி. சேராட்டில் நீ சரிச்சுப் பிடிச்சிருக்கிறாய், கடதாசியிலை பிழை இல்லை."

இப்போது பட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, அடியில் மிகப் பள்ளமான ஓரம் எதுவென்று பார்த்து, அந்த அளவுக்குப் பட்டியை இறக்குங்கள், இறக்கின பிறகும் ஓரம் சேர்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஊசியால் பட்டியின் ஓரத்தோடு சுற்றி வர மெல்லிய கீறல் போடுங்கள். இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது எல்லாம் போக வேண்டியது. மேலே இருக்கிற ஒன்றும் போகக் கூடாது. (அச்சு மேலே ஒடுங்கி வருகிற கூம்பு வடிவம் என்றால் இந்தக் கடதாசி வித்தை சரிவராது, அதற்கு மூலைமட்டம் மட்டும்தான்.)

நிறையப் போக வேண்டுமானால்

கோட்டுக்குக் கீழே 5 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால், எல்லாவற்றையும் உருக்கிக்கொண்டிருந்தால் மெழுகும் வீண் நேரமும் வீண். முதலில் பாண் கத்தியால் பெரும்பகுதியை எடுங்கள். கோட்டிலேயே வெட்ட வேண்டாம், 2 மில்லிமீற்றர் மிச்சம் விட்டு வெட்டுங்கள். மெழுகுதிரியைப் படுக்க வைத்து, கத்தியை மேலிருந்து அழுத்தாமல், மெழுகுதிரியை உருட்டி உருட்டிச் சுற்றி வர அறுங்கள். ஒரே பக்கத்தில் அழுத்தினால் பரஃபின் ஓரம் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், கோட்டுக்கு மேலேயும் உடைந்து போகும். கத்தியை வெந்நீரில் தோய்த்து, ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு அறுத்தால் இன்னும் இலகு. இரும்பு வாள் அலகு ஒன்று சும்மா கையில் பிடித்து அறுத்தாலும் நன்றாகவே வரும்.

உருக்குவது

பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர் கொதிக்க வையுங்கள். கொதித்ததும் அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் தட்டைப் பாத்திரத்தின் மேல் வைக்க வேண்டும். காஸ் அடுப்போ விறகடுப்போ, கீழே நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போது மேலே மெழுகை உருக்குவது ஆபத்து, ஒரு சொட்டு வழிந்து நெருப்பில் பட்டாலே பற்றும். பரஃபின் பெரும்பாலும் 60 பாகைக்குக் கிட்டவே உருகிவிடும், கொதித்து அணைத்த தண்ணீரின் ஆவி தருகிற சூடு இதற்குத் தாராளம். நேரடி நெருப்பில் தட்டு எவ்வளவு சூடாகிறது என்று உங்களுக்குத் தெரியாது, மெழுகு புகைக்கத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். தற்செயலாக எங்கேயாவது மெழுகு பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தண்ணீர் பட்ட இடத்தில் எரிகிற மெழுகு வெடித்துச் சிதறும். மூடியால் மூடி, அடுப்பை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பக்கத்தில் பெரிய மூடி ஒன்றை முன்னமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு பாத்திரத்தின் வாயை முழுதாக மூட வேண்டும் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. இடைவெளியால் ஆவி வந்தால் மெழுகுதிரியில் நீர்த்துளி படியும், அது அடியில் மெழுகோடு சேர்ந்து அடைபட்டால் பிறகு எரிகிறபோது படபடவென்று பொரியும். தட்டின் மேற்பக்கத்தையும் வேலை தொடங்குமுன் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

சரி, இனி மெழுகுதிரியை எடுங்கள். இரண்டு கையாலும் நடுப்பகுதியில் பிடித்து, மெதுவாகத் தட்டில் இறக்குங்கள். அழுத்த வேண்டாம், அதன் பாரமே போதும். இரண்டு மூன்று விநாடி, சின்ன வட்டமாக அசைத்துக்கொண்டே. உடனே தூக்கிப் பாருங்கள். தட்டில் உருகின மெழுகின் வடிவம் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லும். பிறைநிலா மாதிரி ஒரு பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அந்தப் பக்கம்தான் இன்னும் உயரம், வேலை அங்கேதான் நடக்கிறது. முழு வளையமாக ஈரம் பட்டால் ஓரம் முழுதும் தட்டைத் தொடுகிறது.

இப்போது மிக முக்கியமானது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் மெழுகுதிரியைக் கையில் கால்வாசி திருப்பிப் பிடியுங்கள். யாருடைய கையும் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்துதான் பிடிக்கும், வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம், இடக்கைக்காரருக்கு மறுபக்கம், அதை நீங்கள் உணரவே மாட்டீர்கள். திருப்பாமல் ஒரே பிடியில் உருக்கிக்கொண்டு போனால் அந்தச் சரிவு அப்படியே அடியில் பதியும். திருப்பித் திருப்பி வைத்தால் ஒரு தரம் பட்ட சரிவை அடுத்த தரம் எடுத்துவிடும். நாலு தரம் வைத்தால் ஒரு முழுச் சுற்று.

ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு மூலைமட்டத்தைத் தட்டின் மேல் நிறுத்தி மெழுகுதிரியின் பக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். இதில் ஒரு நிம்மதி என்னவென்றால் மூலைமட்டம் தட்டிலேயே நிற்கிறபடியால் குசினி மேசை சரிந்திருந்தாலும் பாத்திரம் கோணலாக நின்றாலும் கவலை இல்லை, அடி தட்டுக்கு நேர், பக்கம் மூலைமட்டத்துக்கு நேர், இரண்டும் சேர்ந்தால் மெழுகுதிரி எங்கே வைத்தாலும் நேர். மூலைமட்டம் இல்லாமல் கண்ணால் தூக்குப் பார்த்துச் செய்கிறவர்கள் மட்டும் தட்டை முதலில் ரசமட்டம் வைத்து மட்டமாக்கிக்கொள்ள வேண்டும்.

தட்டில் மெழுகு குளமாகத் தேங்க விட வேண்டாம். தேங்கினால் அடி எங்கே தொடுகிறது என்று தெரியாது, பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியும் கரையத் தொடங்கும். இடைக்கிடை மெழுகைப் பேணிக்குள் வடித்துவிட்டு, பேப்பரால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். தண்ணீர் ஆறிவிட்டால் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பக் கொதிக்க வையுங்கள். ஊசிக் கோடு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தட்டுக்குக் கிட்ட வந்தால் நிறுத்தலாம்.

அடியின் நடுவில் இன்னும் ஒரு பள்ளம் தெரிகிறதே என்று கவலைப்பட்டு மேலும் மேலும் உருக்காதீர்கள். நடு பள்ளமாக இருப்பது நல்லது, பித்தளைச் செம்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள், அதுவும் ஓரத்தில்தான் நிற்கிறது. நடு மேடாக இருந்தால் மட்டும்தான் பிழை, எவ்வளவு மட்டமாக்கினாலும் ஆடும். அப்படி இருந்தால் சூடாக்கின கரண்டி முதுகால் நடுவைக் கொஞ்சம் உருக்கி எடுத்துவிடுங்கள்.

கடைசித் தடவை தூக்கினவுடன், அடி இன்னும் ஈரமாக இருக்கும்போதே கண்ணாடித் துண்டில் அல்லது ரைல்ஸில் நேராக இறக்கி நிற்க விடுங்கள். கண்ணாடியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்திருந்தால் ஒட்டாது. தள்ளவோ அழுத்தவோ வேண்டாம். நன்றாக இறுகின பிறகு இலேசாக முறுக்கினால் கழன்று வரும். அடி கண்ணாடி மாதிரியே வழுவழுப்பாக இருக்கும்.

நேராக வந்ததா என்று பார்ப்பது

மூன்று சோதனை போதும். தலையில் விரலால் நாலு பக்கமும் மாறி மாறித் தட்டுங்கள், சத்தம் வரக் கூடாது. பின்பக்கம் ரோச்லைற்றைப் பிடித்து அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று சுற்றி வரப் பாருங்கள். மூன்றாவதுதான் நான் மிகவும் நம்புவது: மெழுகுதிரியை யன்னல் நிலைக்கு முன்னால் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று, அதன் ஓரத்தை நிலையின் ஓரத்தோடு ஒப்பிடுங்கள், பிறகு மெழுகுதிரியை நின்ற இடத்திலேயே கால்வாசி திருப்பித் திரும்பப் பாருங்கள். மேசை சரிந்திருந்தால் எப்படித் திருப்பினாலும் ஒரே பக்கம்தான் சாயும். மெழுகுதிரியின் அடி கோணலாக இருந்தால் திருப்பத் திருப்பச் சாய்கிற பக்கமும் மாறும். இப்படிப் பார்த்தால் பிழை எங்கே என்பதில் சந்தேகமே வராது.

மிகச் சின்ன ஆட்டம் மிஞ்சியிருந்தால் திரும்ப உருக்கத் தேவையில்லை. ரைல்ஸின் மேல் கொஞ்சம் முரடான சாண்ட் பேப்பரை விரித்து, மெழுகுதிரியை நிமிர்த்திப் பிடித்து, வட்டமாக நாலைந்து தரம் தேய்த்தால் போய்விடும். முழு வேலையையும் சாண்ட் பேப்பரில் செய்ய நினைக்காதீர்கள், மெழுகு அடைத்துக்கொண்டு பேப்பர் உடனே வழுக்கத் தொடங்கும்.

அடியின் ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும், அதை நகத்தாலோ கத்தியின் முதுகாலோ சுரண்டிவிட்டு, பழைய நைலோன் சேலைத் துண்டால் பக்கங்களைத் தேய்த்தால் கைரேகையும் போய் நல்ல மினுக்கம் வரும்.

துணி மினுக்குகிற அயன் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து அதில் அடியை உருக்குவது பற்றியும் சொல்லிக்கொள்வார்கள். நான் சொல்லமாட்டேன். சூடான அயன் பெட்டியை ஆடாமல் தலைகீழாக நிறுத்துவதே கடினம், உருகின மெழுகு பெட்டிக்குள்ளே இறங்கினால் மின்சாரத்தோடு விளையாட்டு, ஆவி வருகிற ஓட்டைகளில் மெழுகு போனால் அடுத்த நாள் வெள்ளைச் சேட்டிலும் கறை.

வேறு மெழுகு என்றால்

தேன்மெழுகு 62 முதல் 64 பாகை வரையில் உருகும், பரஃபினை விடக் கொஞ்சம் கூட நேரம் பிடிக்கும், தட்டில் ஒட்டவும் பார்க்கும், ஆகவே அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வெட்டும்போது தெறிக்காது, அது ஒரு வசதி. சாண்ட் பேப்பரில் தேன்மெழுகைத் தேய்க்கவே வேண்டாம். சோயா மெழுகு இளகல், கொதித்த தண்ணீர் கொஞ்சம் ஆறின பிறகு தட்டை வைத்தால் போதும், தொட்டவுடன் எடுக்க வேண்டும். ஸ்ரியரிக் அமிலம் சேர்த்து வார்த்த பரஃபின் இறுக்கமாக இருக்கும், அதைக் கத்தியால் எடுப்பது கஷ்டம் என்றாலும் உருக்கினால் ஓரம் அழகாகக் கூர்மையாக வரும்.

எங்கே தேவை, எங்கே தேவையில்லை

கார்த்திகை (நவம்பர்) 2 ஆம் திகதி மரித்த விசுவாசிகள் நினைவு நாளுக்குச் சேமக்காலையில் கொளுத்துகிற மெழுகுதிரிக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், மண்ணில் குத்தி நிறுத்தத்தானே போகிறோம். கோவிலில் மணல் நிரப்பின தட்டில் நிறுத்துவதற்கும் அப்படித்தான். வீட்டில் சுரூபத்துக்கு முன்னால், சாப்பாட்டு மேசையில், படிக்கிற மேசையில் நிற்கிற ஒன்றுக்குக் கட்டாயம் தேவை.

எல்லாவற்றையும் விடக் கவனம் வேண்டியது கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலத்தில் வைக்கிற வளையத்துக்கு 4 மெழுகுதிரி வார்க்கிறவர்களுக்கு. ஊதா மூன்றும் றோஸ் ஒன்றும் பக்கம் பக்கமாக நிற்கும்போது ஒன்று சாய்ந்தாலும் ஒன்று கட்டையாக இருந்தாலும் உடனே கண்ணில் குத்தும். நான்கையும் முதலில் கழற்றி, எது கட்டையோ அதை முதலில் மட்டமாக்குங்கள். அதன் உயரத்தைத் தலையிலிருந்து அளந்து, மற்ற மூன்றிலும் அந்த அளவில் கடதாசிப் பட்டியைச் சுற்றிக் கோடு போட்டு, அதன் பிறகு உருக்குங்கள். உயரமான ஒன்றை முதலில் முடித்துவிட்டால், கட்டையானதை நீட்ட வழியில்லை, முடித்ததையே திரும்ப எடுத்துக் குறைக்க வேண்டிவரும்.

வடித்தெடுத்த மெழுகைக் குசினித் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் இறுகி அடைக்கும். தட்டில் ஒட்டினதையும் சூடாக இருக்கும்போதே பேப்பரால் வழித்துத் துடையுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். பேணியில் சேர்ந்த மெழுகில் பேப்பர்ப் பிசிறும் கரித்தூளும் இருந்தால், அடுத்த முறை உருக்கும்போது பழைய பருத்தித் துணியில் வடித்து, இரண்டாம் முறை ஊற்றுகிற மெழுகாக வைத்துக்கொள்ளுங்கள்.